வாய்மொழியும் உறைவிடப் பள்ளியும்

தொல்காப்பியர் செய்யுளியலில் எழுவகை யாப்பினுள் ஒன்றாக வாய்மொழியை எண்ணினார். உரையாசிரியர் அதனை மந்திரம் என்பர். அகநானூற்றில் நக்கீரர் கபிலரைச் சிறப்பிக்குங்கால், அச்சொல் மெய்யுரை என்னும் பொருள் தருகின்றது. இந்நாளிலோ அது 'எழுதப்படாதது' என்ற அளவிற்குச் சுருங்கிவிட்டது. இச்சுருக்கத்தால் நேர்ந்த இழப்பை ஈண்டு ஆராய்வோம்.

கனடா நாட்டில் நூறாண்டுக்கு மேலாக, 1,50,000க்கு மேற்பட்ட தொல்குடிச் சிறார் உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காக ஒறுக்கப்பட்டனர். 2008இல் அரசு மன்னிப்புக் கோரிற்று. உண்மை, நல்லிணக்க ஆணையம் 6,500க்கு மேற்பட்டோர் கூற்றைக் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகளை வழங்கிற்று. அரசு ஏடுகளும் அதற்குத் துணைநின்றன; எனினும் அறிக்கைக்கு உயிர் தந்தது பட்டவர் வாய்மொழியே.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி உண்டு. இரண்டையும் ஒன்றெனல் பெரும்பிழை. இங்கே ஊர்கள் சிதறிக் கிடத்தலின், கல்வியை எட்ட விடுதியே வழியாயிற்று. (இம்மலையாளிகள் கேரளத்தார் அல்லர், காஞ்சியிலிருந்து வந்தோம் எனக் கூறும் தமிழ் பேசும் குடியினர்.) ஆயினும், இளமையில் வீடு பிரிந்தமையும், வீட்டுத்தமிழ் வகுப்பறையில் கொச்சை எனப்பட்டதோ என்பதும் அங்குப் பயின்றோரே கூறற்பாலன. நம் துறையினர் தாலாட்டையும் ஒப்பாரியையும் விரும்பித் தொகுப்பர். பாடியவரே தம் பள்ளி நாளைப் பேசத் தொடங்கின் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்திவிடுவர். அதுவோ தரவுக்குப் புறம்பு!

அச்சொல்லின் ஆற்றலறியத் தொலைவு செல்ல வேண்டா. அம்மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று வனம், காவல், வருவாய்த் துறையினர் புகுந்தனர். ஊரார் சந்தனக் கடத்தற்காரர் எனப்பட்டனர். 18 பெண்கள் தமக்கு நேர்ந்த வன்கொடுமையை வாயாற் கூறினர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டோருள் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகளெனத் தீர்த்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. கூற்றே ஏட்டை வென்றது.

வாக்குமூலம் இலக்கியமாகுமோ என்பார் உளர். உரையையும் முதுசொல்லையும் பாட்டோடு ஒருங்கு வைத்த இலக்கணம் நம்முடையது. அவ்வையத்திற்கு ஈண்டு இடமில்லை. கள ஆய்வு வினாநிரலில் பள்ளி பற்றி ஒரு பகுதி சேர்த்தலும், பதிவின் படியை உரைத்தவர்க்கே அளித்தலும், அவர் மறைக்க விழைந்ததை வெளியிடாமையும் உடனே செய்யத் தக்கன.