அப்பாவும் அதிபதியும்

நண்பரொருவர் தம் மொழிபெயர்ப்பில் 'மடாதிபதி' என்று போட்டிருந்தார். மூலத்தில் 'ஆபட்'. "சரிதானே?" என்றார். சரிதான், ஆனால் அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

'ஆபட்' என்பதன் வேர் அரமேய மொழியின் 'அப்பா'. பொருளும் தந்தைதான். (இதைத் தமிழோடு முடிச்சுப் போடுகிறவர்கள் போடட்டும், நான் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை.) 4ஆம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைவனத்தில், தனித்துறவியர் நடுவே இச்சொல் பதவியைக் குறிக்கவில்லை. குடிலில் இருக்கும் முதியவரிடம் இளையவன் போய், 'அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க' என்பான். கேட்பவன் கொடுத்த பெயர் அது. மூத்த பெண் துறவியரை 'அம்மா' என்றார்கள்.

6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள். தமிழில் நூற்பகுதிக்கும் ஆட்சிக்கும் ஒரே சொல் இருப்பது இங்கே வசதியாகப் போயிற்று. 2ஆம் அதிகாரப்படி, மடத்தில் ஆபட் கிறிஸ்துவின் இடத்தில் இருப்பவர். 3ஆம் அதிகாரம், முக்கிய காரியங்களில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறது. நல்லதை இறைவன் பலமுறை இளையவனுக்கே காட்டுகிறாராம். முடிவு மட்டும் ஆபட்டுடையது. நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதும் இதுதானே?

பிரதி ஒற்றைக்குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆபட்டைத் துறவியரே தேர்ந்தெடுக்க வேண்டும், அஞ்சப்படுவதைவிட நேசிக்கப்படவே அவர் முயல வேண்டும் என்கிறது 64ஆம் அதிகாரம். வரலாறு இந்தக் கடிவாளத்தைக் கழற்றியது. 1516இல் போலோஞா உடன்படிக்கை பிரெஞ்சு மன்னனுக்கு ஆபட்டுகளை நியமிக்கும் உரிமையைத் தந்தது. மடத்தில் வாழாமலே அதன் வருமானத்தைப் பெற்றவர்கள் பெருகினார்கள். பின்னாளில் லா ட்ராப் மடத்தைச் சீர்திருத்திய ரான்சேகூடச் சிறுவயதிலேயே இப்படி ஆபட் ஆனவர்தான். வீட்டுப் பக்கமே வராத அப்பா!

அம்மா என்ன ஆனாள்? பெண் மடத்துத் தலைவிக்கு லத்தீன் சூட்டிய பெயர் 'அபாத்திஸா'. அப்பாவுக்குப் பெண்பால் விகுதி. நன்னூல் படித்தவனுக்கு 'அப்பாள்' என்று கேட்கிறது.

ஆக, மூலச்சொல் உறவின் பெயரால் மூடிவைத்ததை 'மடாதிபதி' போட்டு உடைத்துவிடுகிறது. அதை மாற்ற வேண்டாம் என்றேன். பாலைவனம் வரும் இடத்தில் மட்டும் 'அப்பா' என்றே இருக்கட்டும். அங்கே முதியவர் வார்த்தை சொல்வார். கேட்டவன் எழுந்து போகலாம். மடத்திலோ இளையவன்தான் வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும்: கீழ்ப்படிவேன், இவ்விடம்விட்டு அகலமாட்டேன் என்று.