வூகாமர்ஸுக்கு ஒரு ஜே!

ஆன்லைனில் கடை போடப் போகிறேன், எந்தத் தளத்தை எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பெயர் வூகாமர்ஸ். கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படி ஒரு பிரியம் அதன்மேல்.

எங்கள் வியாபாரம் மதுரைச் சுங்குடிச் சேலை. கையால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் பிரித்தால் துணியெங்கும் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். ஒரே பெண் ஒரே நிறத்துக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாலும் ஒன்றைப் போல இன்னொன்று வராது. அதனால் எங்கள் சரக்கில் பெரும்பாலும் ஒற்றைச் சேலைகள். விற்றால் விற்றதுதான், அதே சேலை மறுபடி கிடையாது. அத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு மயில் கழுத்து நிறத்தைப் போட்டால் போதும், நாலு பேர் ஒரே நேரத்தில் "எனக்கு எடுத்து வைங்க" என்பார்கள். யார் முதலில் கேட்டது, யார் பணம் போட்டது என்று அன்றைக்குப் பூராவும் பஞ்சாயத்து. இந்த ஒற்றைச் சேலைச் சிக்கலை எந்தத் தளம் தீர்க்கிறதோ அதுதான் நம் தளம் என்று முடிவு செய்துகொண்டு தேட ஆரம்பித்தேன்.

வூகாமர்ஸ் அதைத் தீர்க்கும் அழகைப் பாருங்கள். இருப்புக்கான அமைப்புகளில் நிமிடக் கணக்கில் ஓர் எண் இருக்கிறது. நாம் தொடாதவரை அது 60. ஒருவர் ஆர்டர் போட்டுவிட்டுப் பணம் கட்ட ஜிபே பக்கம் போனால், அந்தச் சேலை அத்தனை நிமிடத்துக்கு அவர் பெயரில் நிற்கும். வேறு யாரும் அதை வாங்கிவிட முடியாது. பணம் வரவில்லையா, ஆர்டர் தானாக ரத்தாகி, சேலை மறுபடி கடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடையில் போட்டு வைத்தால் மட்டும் பிடித்து வைக்காது, ஆர்டர் போட்டால்தான். அதுவும் நியாயம்தானே? கூடையில் போட்டவர்கள் எல்லாரும் வாங்குகிறவர்களா என்ன! யுபிஐயில் பணம் கட்ட ஒரு மணி நேரம் எதற்கு என்று நான் அதை 20 ஆக்கினேன். பஞ்சாயத்து அன்றோடு போயிற்று.

அடுத்தது ஃபால்ஸ். சிலர் சேலையை அப்படியே கேட்பார்கள், சிலர் ஃபால்ஸ் வைத்து பீக்கோ அடித்துக் கேட்பார்கள். இரண்டுக்கும் இரண்டு விலை, ஆனால் இருப்பதோ ஒரே சேலை! இதைச் சொன்னவுடன் பல பேர் திணறுவார்கள். வூகாமர்ஸில் ஒரு பொருளுக்கு எத்தனை வகை வேண்டுமானாலும் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை போடலாம். இருப்பை மட்டும் வகைக்கு வகை வைக்காமல் தாய்ப் பொருளில் 1 என்று வைத்துவிட வேண்டும். ஃபால்ஸோடு விற்றாலும் சரி, ஃபால்ஸ் இல்லாமல் விற்றாலும் சரி, இரண்டு வகையும் ஒன்றாகவே 'தீர்ந்தது' ஆகிவிடும். முதல்முறை இது வேலை செய்ததைப் பார்த்துக் கைதட்டினேன். "என்னம்மா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார். "அதைவிடப் பெருசு அத்தை, இங்க வந்து பாருங்க!" என்று இழுத்து வந்து காட்டினேன்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு உயிரானது. ஒவ்வொரு பொருளுக்கும் 'வாங்கியபின் குறிப்பு' எழுத ஒரு பெட்டி இருக்கிறது. வாங்கியவருக்குப் போகும் மின்னஞ்சலில் அந்தக் குறிப்பு தானே சேர்ந்துகொள்ளும். அத்தை கடையில் நேரில் சொல்வாரே, "முதல் தடவை தனியா அலசுங்க, பச்சத் தண்ணியில கொஞ்சம் கல்லுப்பு போட்டு அலசுங்க, நிழல்ல காயப்போடுங்க" என்று, அதை அவர் பேச்சிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பெங்களூரில் வாங்கியவருக்கும் சிங்கப்பூரில் வாங்கியவருக்கும் அத்தையின் குரல் போய்ச் சேருகிறது. எத்தனை அருமையான வசதி! இது இருப்பதே பாதிக் கடைக்காரர்களுக்குத் தெரியாது.

கூரியர் கட்டணத்தை மண்டலம் மண்டலமாகப் பிரிக்கலாம். பின்கோடில் 625 என்று போட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்தால் மதுரைச் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு மண்டலம். அதற்குக் கீழே தமிழ்நாடு, அதற்கும் கீழே மற்ற மாநிலங்கள், பிறகு வெளிநாடு. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து முதலில் பொருந்தும் மண்டலத்தின் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே வரிசை முக்கியம், சின்ன மண்டலம் மேலே இருக்க வேண்டும். ஜிஎஸ்டியும் இப்படித்தான். பருத்திச் சேலைக்கு 5 சதவீதம். தமிழ்நாட்டு விலாசம் என்றால் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று இரண்டு வரிகளாகவும், வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி 5 என்று ஒரே வரியாகவும் வரும்படி அட்டவணையில் எழுதிவிட்டால் போதும். எங்கள் ஆடிட்டர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

மற்ற தளங்களைப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். ஷாப்பிஃபை மேல் எனக்கு நிறைய மரியாதை. கனடாவில் டோபியாஸ் லூட்கே என்பவர் 2004இல் பனிச்சறுக்குப் பலகை விற்கக் கடை போட்டார். பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல் தானே எழுதினார். அதிலிருந்து 2006இல் பிறந்ததுதான் ஷாப்பிஃபை. சர்வர் கவலை கிடையாது, ஒரே நாளில் கடையைத் திறந்துவிடலாம். கணினிப் பக்கமே போக விருப்பமில்லாதவர்கள் தாராளமாக அதை எடுக்கலாம். ஆனால் மாதா மாதம் சந்தா, அவர்களுடைய பேமென்ட் வசதியை எடுக்காவிட்டால் விற்பனையிலும் ஒரு சிறு பங்கு. எல்லாவற்றுக்கும் மேல் அது வாடகைக் கடை. மஜென்டோ எங்களைப் போன்றவர்களுக்கு ரொம்பப் பெரிது. அதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்குத்தான் சரிப்படும்.

வூகாமர்ஸ் சொந்தக் கடை. மென்பொருள் இலவசம், மூல நிரல் திறந்தே கிடக்கிறது, விற்பனையில் கமிஷன் கிடையாது. ஹோஸ்டிங்கும் டொமைனும் நம் செலவு, பேமென்ட் கேட்வேக்காரர்களுக்கு அவர்கள் கட்டணம், அவ்வளவுதான். ஆர்டர், வாடிக்கையாளர், விலாசம் எல்லாமே நம் தரவுத்தளத்தில் இருக்கின்றன. நாளைக்கே ஹோஸ்டிங் பிடிக்கவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போகலாம்.

இந்தச் சுதந்திரம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளின் நிரலை எடுத்து 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கியது வேர்ட்பிரஸ்; அதன்மேல்தான் வூகாமர்ஸ் ஓடுகிறது. ஜிகோஷாப் என்ற கடை மென்பொருளின் நிரலை எடுத்து வூதீம்ஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்டது வூகாமர்ஸ். இரண்டுமே, நிரலை யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்னும் ஜிபிஎல் உரிமம் கொடுத்த வாய்ப்பு. 2015இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வூகாமர்ஸை வாங்கியது, அப்போதும் உரிமம் மாறவில்லை. யார் வாங்கினாலும் நம் கையில் இருக்கும் நிரல் நம்முடையதே என்ற நிம்மதி இருக்கிறதே, அதற்கு விலை கிடையாது!

நிரல் திறந்திருப்பதால் என்ன லாபம் என்று ஒரு உதாரணம். ஆர்டர் பக்கத்தில் 'குறிப்பு' என்று மொட்டையாக ஒரு பெட்டி இருந்தது. அதை "எந்த விசேஷத்துக்கு, எந்தத் தேதிக்குள் வேண்டும்?" என்று மாற்றினேன். வூகாமர்ஸ் தன் நிரலில் ஆங்காங்கே ஹூக் விட்டு வைத்திருக்கிறது. மூல நிரலைத் தொடாமல் அதில் நம் வரிகளை மாட்டிவிடலாம், அப்டேட் வந்தாலும் அழியாது. அன்றிலிருந்து வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்று எழுதி அனுப்புகிறார்கள். அதைப் படித்துப் பார்த்து அத்தை எந்தப் பொட்டலம் முதலில் போக வேண்டும் என்று எடுத்து வைக்கிறார்.

வேலை இல்லாமல் இல்லை. பேக்கப் எடுக்க வேண்டும், அப்டேட்டை முதலில் நகல் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும், கண்ட பிளகினையும் சேர்க்கக் கூடாது. சொந்தக் கடையைக் கூட்டிப் பெருக்குகிற வேலைதான் இது, எனக்கு அதுவும் சந்தோஷமாகவே இருக்கிறது. வேகத்துக்கும் குறைவில்லை. முன்பெல்லாம் ஆர்டர்களும் கட்டுரைகளும் ஒரே அட்டவணையில் கிடந்தன. 2023இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து புதிய கடைகளுக்கு ஆர்டர்கள் தனி அட்டவணையில் போகின்றன.

எதை எடுப்பது என்று குழம்பி நிற்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் சரக்கிலேயே விற்கச் சிக்கலான பொருள் எதுவோ, அதை முதலில் ஏற்றிப் பாருங்கள். சோப்பும் சீப்பும் எல்லாத் தளத்திலும் விற்கும்.

இப்போது அச்சுச் சுங்குடியை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இது ஒற்றைச் சேலை இல்லை, தீர்ந்தால் பட்டறையில் சொல்லி மறுபடி போட்டு வாங்கலாம். அதற்கும் வழி இருக்கிறது: இருப்பு இல்லாவிட்டாலும் ஆர்டர் வாங்கு, ஆனால் வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடு என்று ஓர் அமைப்பு. தீபாவளிக்கு இதைத் திறக்கிறோம். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம் மூன்றும் முடிவாகிவிட்டன. நான்காவது பாசிப்பச்சையா ராமர் நீலமா என்று எனக்கும் அத்தைக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.