டாமியா டிடி-02: எதை மாற்றலாம், எங்கே நிறுத்தலாம்?

ரிமோட்டில் இயங்கும் ஆர்.சி. கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, “எவ்வளவு வேகம் போகும்?” என்பதைத்தான். டாமியா டிடி-02 விஷயத்தில் இதற்குப் பதில் சுமார்தான். பெட்டியில் வரும் மோட்டாரோடு ஓட்டினால் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனாலும் 2013-ல் வந்த இந்த சேசிஸ் இன்றுவரை புதுப்புது பாடிகளோடு விற்றுக்கொண்டிருக்கிறது. பொழுதுபோக்காக ஆரம்பிப்பவர்களுக்கு அனுபவசாலிகள் கைகாட்டும் கார்களில் இதற்கு நிச்சயம் இடமுண்டு. காரணம், இதில் கழற்றி மாற்ற முடியாத பாகம் அநேகமாக எதுவுமில்லை. சிக்கலும் அதுதான். எங்கே நிறுத்துவது என்று தெரியாவிட்டால், காரின் விலையைவிட அதன்மேல் ஏற்றிய பாகங்களின் விலை அதிகமாகிவிடும்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து நிறுவனமான டாமியா, 1976-ல் போர்ஷே 934 மாடலோடு ஆர்.சி. கார் உலகத்துக்குள் வந்தது. டிடி-02 அதன் ஆரம்ப நிலை டூரிங் கார். 1/10 அளவு, நான்கு சக்கரங்களுக்கும் ஷாஃப்ட் வழியாக இழுவிசை, நான்கிலும் தனித்தனி சஸ்பென்ஷன்.

பெட்டியில் என்ன இருக்கிறது?

இது கிட். பிரித்ததும் ஓட்ட முடியாது. நீங்கள்தான் பூட்ட வேண்டும். சேசிஸ் பாகங்கள், 540 ரக பிரஷ் மோட்டார், பாடி ஆகியவை இருக்கும். பெரும்பாலான கிட்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான இ.எஸ்.சி.யும் இருக்கும். ரிமோட், ரிசீவர், ஸ்டீயரிங் சர்வோ, பேட்டரி, சார்ஜர், பெயின்ட் எல்லாம் தனிச் செலவு. கிட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள்.

பூட்டுவது எளிது, மேனுவலில் படங்களே போதும். ஆனால் ஸ்க்ரூ டிரைவரில் மட்டும் கவனம் தேவை. இதன் ஸ்க்ரூக்கள் பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலிருந்தாலும் ஜப்பானிய ஜே.ஐ.எஸ். தரத்தில் ஆனவை. நம்மூர் ஸ்டார் டிரைவரை வைத்து அழுத்தினால் தலை தேய்ந்துவிடும். ஜே.ஐ.எஸ். டிரைவர் ஒன்று வாங்கிக்கொண்டால், பின்னால் பலமுறை கழற்றும்போது நன்றி சொல்வீர்கள்.

பாடி பாலிகார்பனேட்டால் ஆனது. பெயின்ட்டை உள்பக்கமாக அடிக்க வேண்டும், அதுவும் பாலிகார்பனேட்டுக்கென்றே வரும் பி.எஸ். வகை ஸ்பிரேயால். பிளாஸ்டிக் மாடல்களுக்கான ஸ்பிரேயை அடித்தால் முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிரும்.

மாற்றாமல் ஓட்டினால்

தொட்டி வடிவ சேசிஸின் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் மோட்டார். கியர்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் மண்ணும் தூசும் எளிதில் புகாது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் பள்ளிக்கூட சிமென்ட் தளத்திலும் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நேர்கோட்டில் நன்றாகவே ஓடுகிறது.

வளைவில்தான் குறைகள் தெரியும். ஸ்டீயரிங்கில் ஆட்டம் அதிகம். ரிமோட்டை நேராக்கினாலும் சக்கரம் ஒவ்வொரு முறையும் சரியாக நேருக்குத் திரும்புவதில்லை. சின்ன மேடு பட்டாலும் கார் துள்ளுகிறது. பெட்டியில் வரும் டேம்பர்களில் ஆயில் கிடையாது. ஸ்பிரிங்குக்குள் உராயும் பிளாஸ்டிக் தண்டுதான் டேம்பர். கிட் டயர்களும் கெட்டியானவை, தூசி படிந்த தரையில் வழுக்கும்.

எதை முதலில் மாற்றுவது?

பலரும் முதலில் மோட்டாரைத்தான் மாற்றுகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். என் வரிசை இது.

முதலில் பால் பேரிங். கிட்டில் சக்கரமும் ஷாஃப்ட்டும் சுழலும் இடங்களில் பிளாஸ்டிக் புஷ்கள்தான் இருக்கும். அந்த இடங்களுக்கெல்லாம் 5 மி.மீ. உள்விட்டமும் 11 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள பேரிங் பொருந்தும். டிடி-02-க்கென்றே செட்டாகவும் விற்கிறார்கள். பூட்டும்போதே போட்டுவிடுங்கள், பிறகு போட நினைத்தால் காரை முழுவதும் பிரிக்க வேண்டியிருக்கும். உராய்வு குறைவதால் அதே பேட்டரி கூடுதல் நேரம் ஓடும், மோட்டாரும் அவ்வளவு சூடாகாது.

இரண்டாவது சர்வோ சேவர். மோதும்போது அதிர்ச்சி சர்வோவின் பற்களுக்குப் போகாமல் காப்பது இந்தச் சின்னப் பாகம்தான். கிட்டில் வருவது மிக நெகிழ்வானது, ஸ்டீயரிங் தடுமாற்றத்தில் பெரும்பங்கு அதனுடையது. டாமியாவே விற்கும் ஹை டார்க் சர்வோ சேவரைப் போட்டதும் கார் சொன்ன பேச்சு கேட்கத் தொடங்கும். செலவோடு ஒப்பிட்டால் இந்த வரிசையில் அதிகப் பலன் தருவது இதுவே.

மூன்றாவது ஆயில் டேம்பர். டாமியாவின் சி.வி.ஏ. பிளாஸ்டிக் டேம்பர்களே போதும், அலுமினியம் அழகுக்குத்தான். ஆயில் ஊற்றியபின் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, காற்றுக் குமிழிகள் முழுக்க வெளியேறும்வரை பொறுமையாக இருங்கள். இடது வலது டேம்பர்களைக் கையில் அழுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். தொடக்கத்துக்கு 400 எண் ஆயில் சரியாக இருக்கும்.

நான்காவது டயர். ஓட்டும் தரைக்கேற்ற மென்மையான ரப்பர் டயர்கள் நான்கு வாங்குங்கள். 12 மி.மீ. அறுகோண ஹப் என்பதால் எந்த நிறுவனத்தின் 1/10 டூரிங் கார் சக்கரமும் பொருந்தும்.

காசில்லாத டியூனிங்

இந்த நான்கும் ஆனபின் பாகங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்குங்கள். கார் உண்மையிலேயே மாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

தரையிலிருந்து சேசிஸின் உயரத்தை பேட்டரி, பாடி எல்லாம் ஏற்றியபின் அளக்க வேண்டும். வழவழப்பான தளத்துக்கு 5 மி.மீ. போதும், கரடுமுரடான தார்ச்சாலைக்கு ஒன்றிரண்டு மி.மீ. கூட்டுங்கள். டேம்பர் ஸ்பிரிங்கின் மேல் செருகும் பிளாஸ்டிக் வளையங்களால் இதை மாற்றலாம்.

அடுத்து முறுக்கு. சேசிஸின் பின்முனையை நடுவில் ஒரு கத்தி முனையால் மெல்லத் தூக்குங்கள். இரண்டு பின் சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். ஒன்று முந்தினால் சேசிஸ் முறுக்கியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் வளையங்கள் சமமாக இல்லை. ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறுபக்கம் திரும்ப மறுக்கும் காருக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். முன்பக்கத்திலும் இதையே செய்து பாருங்கள்.

ஸ்டீயரிங் ராடுகளின் நீளத்தைச் சரிசெய்து முன் சக்கரங்களை நேராகவோ அரை டிகிரி வெளிநோக்கியோ வையுங்கள். வெளிநோக்கி இருந்தால் கார் வளைவுக்குள் சட்டென்று நுழையும், ஆனால் நேரில் கொஞ்சம் அலையும். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கேம்பர் கோணத்தை மாற்ற கிட்டின் நிலையான மேல் ஆர்ம்களில் வழியில்லை. அதற்கு நீளம் மாற்றக்கூடிய ஆர்ம்கள் வேண்டும். பின் சக்கரங்களுக்கு உள்நோக்கிய கோணம் தரும் ஹப்களும் தனியாகக் கிடைக்கின்றன. வளைவிலிருந்து வெளியேறும்போது பின்புறம் சுழன்றுகொண்டே இருந்தால் மட்டும் இவற்றை யோசியுங்கள்.

இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலுக்கும் செலவு அதிகமில்லை. வளைவில் உள்பக்க முன் சக்கரம் எடை இழந்து சும்மா சுழலும், இழுவிசையெல்லாம் அதன் வழியே வீணாகும். முன் டிஃபரன்ஷியலைத் திறந்து கெட்டியான ஆன்டி-வேர் கிரீஸை நிரப்பினால் அந்தச் சுழற்சி கட்டுப்படும். பின்புறத்தைச் சாதாரண கிரீஸோடு விட்டுவிடுங்கள். முன்பக்கம் இறுக்கம், பின்பக்கம் தளர்வு என்பது நான்கு சக்கர இழுவைக் காருக்கு நல்ல தொடக்கம்.

மோட்டாரும் கியரும்

கிட்டில் 70 பல் ஸ்பர் கியரும், மோட்டார் தண்டில் பூட்டும் 22 பல் பினியனும் வருகின்றன. உள்கியரின் விகிதம் 2.6. மொத்தத்தில் மோட்டார் 8.27 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பினியனை 23 பல்லாக மாற்றினால் இது 7.91 ஆகும்: உச்ச வேகம் கூடும், கிளம்பும் வேகம் குறையும், மோட்டார் சூடாகும். பினியனின் பல் எண்ணிக்கைக்கேற்ப மோட்டாரை எந்தத் துளையில் பூட்டுவது என்று மேனுவல் சொல்கிறது. நம் கோடை வெயிலில் பெரிய பினியன் வேண்டாம். ஓட்டி முடித்ததும் மோட்டாரை விரலால் தொட முடியவில்லை என்றால் ஒரு பல் குறைத்துவிடுங்கள்.

இன்னும் வேகம் கேட்டால் ஸ்போர்ட் டியூன்ட் போன்ற பிரஷ் மோட்டார் போதும். பிரஷ்லெஸ் மோட்டாருக்குத் தாவினால் பிளாஸ்டிக் புரொபெல்லர் ஷாஃப்ட்டை அலுமினியமாக்கத் தோன்றும், பிறகு டிரைவ் ஷாஃப்ட், பிறகு மோட்டார் மவுன்ட் என்று சங்கிலி நீளும்.

லிப்போ பேட்டரி போடுகிறவர்கள் இ.எஸ்.சி.யில், வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 7.4 வோல்ட் பேட்டரியில் எந்த செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பேலன்ஸ் சார்ஜரில் மட்டுமே ஏற்றுங்கள், சார்ஜ் ஆகும்போது தனியே விட்டுப் போகாதீர்கள். வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள்.

பிளஸ்: எளிதில் உடையாத சேசிஸ், தூசி புகாத கியர் பெட்டி, ஏராளமான உதிரி பாகங்கள், தெளிவான மேனுவல்.

மைனஸ்: ஆயில் இல்லாத டேம்பர், ஆட்டமுள்ள ஸ்டீயரிங், நீளம் மாற்ற முடியாத மேல் ஆர்ம், பேரிங்குக்குத் தனிச் செலவு.

தீர்ப்பு: ஆர்.சி. கார் எப்படி இயங்குகிறது என்று கையால் தொட்டுக் கற்க விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பேரிங், சர்வோ சேவர், ஆயில் டேம்பர், டயர் ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் ஆசை இருந்தால், அதே குடும்பத்தில் மேம்பட்ட சஸ்பென்ஷனோடு வரும் டைப்-எஸ் அல்லது எஸ்.ஆர். கிட்டை வாங்குவது, சாதாரண டிடி-02-ஐ ஒவ்வொரு பாகமாக அந்த நிலைக்கு உயர்த்துவதைவிடச் சிக்கனம். போட்டியில் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால், உங்கள் பகுதி கிளப் எந்தப் பிரிவில் எந்த மோட்டாரை அனுமதிக்கிறது என்று கேட்டுவிட்டு பணத்தை எடுங்கள்.