திரும்பி வரும் சபராளிக்கு என்ன பெயர்? – ‘ஆடு ஜீவிதம்’ நாவலை முன்வைத்து

மலையாள எழுத்தாளர் பென்யாமின் எழுதி 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆடு ஜீவிதம்’ என்னும் நாவல், கேரள சாகித்ய அகாதமியின் 2009ஆம் ஆண்டுக்குரிய விருதைப் பெற்றது. தமிழிலும் பெயர்க்கப்பட்டது. 2024இல் திரைப்படமாக வந்தபோது நூலைப் படியாதவர்களும் அதன் கதையை அறிந்துகொண்டனர். சபராளிகளின் பணத்தால் அடுப்பெரியும் நம் இல்லங்களில் அந்நாவல் பேசப்பட்டது வியப்பன்று. ஆனால் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாலைவனத்துத் துன்பங்களோடு நின்றுவிட்டது. கதாநாயகன் எந்த வாசல் வழியாக அத்துன்பத்துள் புகுந்தான், எந்த வாசல் வழியாக வெளியே வந்தான் என்னும் இரு வினாக்களையும் கேட்டுப் படித்தால், நாவலின் உண்மையான பெருமையும் அதன் குறையும் ஒருங்கே புலப்படும்.

ஆற்றில் மணல் அள்ளிப் பிழைக்கும் நஜீபு, உள்ளதை விற்றும் ஈடு வைத்தும் கடன் வாங்கியும் ஒரு விசா பெறுகிறான். சூல்கொண்ட மனைவியை வீட்டில் விட்டு ரியாத் நகரில் இறங்குகிறான். அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. நெடுநேரம் கழித்து வந்த ஓர் அரபியர் தம் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். அவரே தன் முதலாளி என்று நம்பிச் செல்கிறான். ஆளரவமற்ற பாலையில் ஆடுகளோடு ஆடாக மூன்றாண்டுகளுக்கு மேல் கழிகின்றன. தப்பி வந்தவனுக்கு ஊர் திரும்ப ஒரே வழிதான் இருக்கிறது. காவல் நிலையத்தின் முன்னே போய் நின்று, தன்னைக் கைது செய்யும்படி காத்திருப்பதே அவ்வழி. நாவல் தொடங்குவதே இக்காட்சியில்தான்.

ஆசிரியரின் நுண்ணறிவு இவ்விடத்தில் விளங்குகிறது. சிறை என்பது மனிதன் அஞ்சி ஓடும் இடம். இங்கோ ஒருவன் சிறையைத் தேடி வருகிறான். ஆவணமில்லாதவனுக்கு, தாயகத்தின் கதவு சிறைச்சாலையின் பின்புறத்தில் இருக்கிறது. எல்லைக் காவலும் குடியேற்றக் கட்டுப்பாடும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஒரு நூறு பக்க அறிக்கையைக் காட்டிலும் இந்த ஒரு காட்சி தெளிவாக்கிவிடுகிறது.

சிறையிலும் முடிவில்லை. ஓடிவந்த தொழிலாளியை அடையாளங்காட்ட முதலாளிமார் வருகின்றனர். உடனிருந்த ஹமீதை அவனுடைய முதலாளி இழுத்துச் செல்கிறான். நஜீபின் முதலாளியும் ஒரு நாள் வருகிறான், பார்க்கிறான், விட்டுச் செல்கிறான். இவன் தன் விசாவில் வந்தவன் அல்லன் என்பதே காரணம் எனப் பின்னர் தெரிகிறது. அதாவது விமான நிலையத்தில் அவனை ஏற்றிச் சென்றவன் ஓர் ஆட்கடத்தல்காரன். காகிதத்தில் அவனுக்கு உரியவனாக இல்லாமையால்தான் நஜீபு தப்பினான். காகிதத்தில் உரியவனைப் பெற்றிருந்த ஹமீது தப்பவில்லை. சட்டத்துக்கு உட்பட்டவன் மீண்டும் அடிமையாகிறான், சட்டத்துக்குப் புறம்பானவன் விடுதலையாகிறான். நாவலின் மிகக் கூர்மையான விமரிசனம் இதுவே.

நிற்க. அரபு மொழி கற்றோர் இந்நாவலைப் படிக்கையில் சில சொற்களில் இடறி நிற்பர். முதலாளியை நஜீபு ‘அர்பாபு’ என்றழைக்கிறான். வளைகுடாவில் வழங்கும் சொல்லே இது. ‘ரப்பு’ என்பதன் பன்மை ‘அர்பாப்’. மனிதர் மனிதரை அர்பாபுகளாக்கிக் கொள்வதைத் திருமறை கண்டித்துள்ளது. சிறையிலிருந்த யூசுப் (அலை) அவர்கள் தம் தோழர்களிடம் கேட்ட கேள்வியிலும் இச்சொல்லே வருகிறது. ஏக இறைவனை வணங்கும் ஏழை ஒருவன், கூலி கொடாத மனிதனை நாள் முழுதும் இப்பெயரால் அழைக்கிறான் என்பதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகிறது.

அடுத்தது ‘கஃபீல்’. ஜகரிய்யா (அலை) அவர்கள் மர்யம் (அலை) அவர்களைப் பொறுப்பேற்று வளர்த்ததைக் கூறுமிடத்தில் திருமறை ஆள்வது இச்சொல்லின் வேரையே. ஃபிக்ஹு நூல்களில் கஃபாலத் என்பது பிறருடைய கடமையைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்வதாகும். ளாமின் என்பதும் ஏறத்தாழ அப்பொருளதே. நம் கோர்ட்டுகளில் வழங்கும் ‘ஜாமீன்’ அச்சொல்லின் உருவம். ஆகவே கஃபீல் என்பவன் சுமை தாங்குபவன். இக்காலத்து விசா முறையிலோ சுமை முழுதும் தொழிலாளியின் தலையிலும், அதிகாரம் முழுதும் கஃபீலின் கையிலும் போய்ச் சேர்ந்தன.

மூன்றாவது ‘ஹுரூப்’. வேலையை விட்டுச் சென்றவன் மீது கஃபீல் பதிவு செய்யும் புகாருக்குச் சவூதியில் வழங்கும் பெயர் அது. ‘ஓட்டம்’ என்பது பொருள். ஓடிப்போன அடிமைக்கு ஃபிக்ஹு நூல்களில் ‘ஆபிக்’ என்ற பெயருண்டு. கூலிக்கு வந்தவனோ ‘அஜீர்’. அவன் இஜாரா என்னும் ஒப்பந்தத்தால் வந்த சுதந்திர மனிதன். கூலி கொடாதபோது ஒப்பந்தத்தை முறித்தவன் முதலாளியே. அவ்வாறிருக்க, அஜீரை ஆபிக்காக எண்ணுவது எந்த ஃபிக்ஹில் உள்ளது?

ஆடு மேய்த்த அயலார் கதை நமக்குப் புதிதன்று. எகிப்திலிருந்து தப்பி, கையில் ஏதுமின்றி மத்யன் வந்து சேர்ந்த மூஸா (அலை) அவர்களின் வரலாறு ஸூரா கஸஸில் இருக்கிறது. அங்கே ஒரு முதியவர், அஞ்ச வேண்டாம் என்று முதலில் அடைக்கலம் கூறுகிறார். பிறகு ஒப்பந்தம் பேசுகிறார்: எட்டாண்டுப் பணி, பத்தாக்குவது பணியாளர் விருப்பம், சிரமப்படுத்த மாட்டேன் என்ற உறுதி. தவணை முடிந்ததும் மூஸா (அலை) அவர்கள் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள், தடுப்பார் இல்லை. அடைக்கலம், கூலி, தவணை, திரும்பும் உரிமை என்னும் நான்கும் அவ்வரலாற்றில் நிறைந்திருக்கின்றன. நஜீபின் கதையில் இந்நான்கும் இல்லை. மத்யன் வரலாற்றை அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு, நாவல் காட்டும் கொடுமை இன்ன கடமை தவறியதால் வந்தது என்று விரல்விட்டுச் சொல்ல இயலும்.

ஒரு நாடு தன் எல்லையைக் காப்பதைக் குறைகூறுவது நம் கருத்தன்று. ஃபிக்ஹு நூல்கள் கூறும் ‘அமான்’ போன்றதே விசாவும். அதைப் பெற்று நுழைந்தவன் அந்நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். சுற்றுலா விசாவில் சென்று வேலையில் மறைந்துகொள்வது அந்த உடன்படிக்கைக்கு மாறானதே. ஆனால் அமான் இருபுறமும் கட்டுவது. வந்தவனின் உயிரும் உடைமையும் மானமும் வரவேற்ற நாட்டின் பொறுப்பாகின்றன. சவூதி அரபியா 2021 மார்ச் 14 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த சீர்திருத்தம், தனியார் துறைத் தொழிலாளி வேறு வேலைக்கு மாறவும் ஊர் சென்று வரவும் இருந்த தடைகளைத் தளர்த்திற்று. நன்று. ஆயினும் வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், காவலாளி, தோட்டக்காரர் ஆகியோரோடு ஆடு மேய்ப்பவரும் அதன் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நாவல் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தும் நஜீபு மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நின்றான்!

இனி நூலின் குறைக்கு வருவோம். நேர்ந்த அனைத்தையும் இறைவனின் சோதனையாக நஜீபு ஏற்கிறான். அந்த ஈமானே அவனைப் பாலையில் உயிரோடு வைத்திருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், சோதனை இறைவனிடமிருந்து வந்தது என்பதால் அநீதி இழைத்த மனிதன் பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை. விசாவைத் தேடித் தந்தவர்களும் காகிதம் கட்டிக்கொடுத்தவர்களும் தொடக்க அத்தியாயங்களோடு மறைந்துவிடுகின்றனர். அவர்களை யாரும் கணக்குக் கேட்கவில்லை. சகோதரர்களின் துரோகத்தையும் சொல்லித்தான் யூசுப் (அலை) அவர்களின் சோதனை நமக்கு உரைக்கப்பட்டது.

இரண்டாவது குறை முடிவில் இருக்கிறது. ஆடுகளைப் பட்டிக்குள் செலுத்துவதுபோல் மனிதர்களை விமானத்தை நோக்கிச் செலுத்தும் காட்சியோடு நாவல் நிறைவெய்துகிறது. கலை நோக்கில் அது செம்மையான முடிவு. பாலைவனக் கதை பாலைவனத்தோடு முடிவதே ஒருமைப்பாடு என்று வாதிடலாம். அவ்வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈடு வைத்த வீடு என்னாயிற்று? கடன் கொடுத்தவர் என்ன சொன்னார்? தந்தையை அறியாத பிள்ளை அவனை எப்படி ஏறிட்டுப் பார்த்தது? சபராளியின் இரண்டாவது சோதனை விமானம் தரையிறங்கிய பின்னரே தொடங்குகிறது. நம் எழுத்தாளர்களும் இப்பகுதிக்குள் அதிகம் புகவில்லை. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ ஊரில் இருக்கும் பெண்டிரின் உலகைத் திறந்து காட்டியது. மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ வளைகுடா வாழ்வைச் சொன்னது. போனவன் கதையும் காத்திருந்தவள் கதையும் நமக்குண்டு. வெறுங்கையோடு திரும்பியவனின் கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

நாவல் நிற்குமிடத்தில்தான் சட்டமும் நிற்கிறது. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆள் சேர்க்கும் முகவர்க்கு உரிமச் சீட்டும் பிணைத்தொகையும் விதித்தது. குறிப்பிட்ட சில நாடுகளுக்குச் செல்வோர் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற ஏற்பாடு செய்தது. திரும்புதலைப் பற்றி அது எண்ணியது பெரும்பாலும் பயணச் செலவு வரையிலேயே. கேரளம் 1996இல் வெளிநாட்டுக் கேரளியருக்கெனத் தனித் துறை கண்டது. தமிழ்நாட்டில் 2011இல் சட்டம் இயற்றப்பட்டும், வாரியம் அமைந்தது 2022இல்தான். 1990இல் குவைத்திலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் மீட்கப்பட்டனர். அவ்வாறு வெளியேற நேர்ந்த பல நாட்டினருக்கும், ஐக்கிய நாடுகள் அமைத்த இழப்பீட்டு ஆணையம் தனியாளுக்கு 2,500 அல்லது 4,000 டாலர் என வகுத்து வழங்கியது. திரும்பியவனின் நட்டம் இரக்கத்துக்குரியது மட்டுமன்று, ஈடுசெய்யத்தக்க உரிமை என்று உலகம் ஒருமுறை ஒப்புக்கொண்டது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில், சேரவேண்டிய கூலியைப் பெறாமலேயே வந்திறங்கியவர் பலர். அவர்களுக்கு அத்தகைய ஆணையம் ஏதும் அமையவில்லை.

நம் மார்க்கம் இவ்விடத்தில் மௌனமாக இல்லை. ஸூரா தவ்பாவின் 60ஆம் ஆயத்து ஜகாத்துக்குரியோர் எண்மரைக் கூறுகிறது. அவருள் ஒருவர் ‘இப்னுஸ் ஸபீல்’, அதாவது வழிப்போக்கர். ஊரில் செல்வமிருந்தும் வழியில் கையற்று நிற்பவரும் இதில் அடங்குவர் என்பது இமாம்களின் விளக்கம். பயணம் புறப்படுபவரையும் ஷாஃபிஈ மத்ஹபு சேர்த்துக்கொள்கிறது. அவர் வீடு வந்து சேர்ந்ததும் அப்பெயர் நீங்கிவிடும். ஆனால் அதே ஆயத்தில் ‘காரிம்’ என்னும் கடனாளிக்கும் பங்கு இருக்கிறது. ஃபகீரும் மிஸ்கீனும் இருக்கின்றனர். பாலையிலும் சிறையிலும் நஜீபு இப்னுஸ் ஸபீல். ஈடு வைத்த வீட்டின் திண்ணையில் அவன் காரிம். பெயர்தான் மாறிற்று, உரிமை மாறவில்லை. விமானப் படிக்கட்டோடு அவன் கதை முடியவில்லை என்பதை அந்த ஒரே ஆயத்து நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே ஜமாஅத்துப் பெரியோர்களுக்கு ஒன்று கூற விழைகிறேன். புறப்படுபவனுக்கு துஆ ஓதி வழியனுப்புகிறோம். பணம் அனுப்பியவனிடம் பள்ளிவாசலுக்கு நன்கொடை கேட்கிறோம். அவனுடைய ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, உரிமம் பெற்ற முகவரா என்று விசாரித்துச் சொல்ல ஊருக்கு ஓர் அறிந்தவர் இருக்கட்டும். வெறுங்கையோடு திரும்பியவனின் கடன் கணக்கை, அவன் கேளாமலே, பைத்துல்மால் கேட்டறியட்டும். வராத கூலிக்கு மனு எழுதவும், வாரியத்தில் பெயர் பதியவும், படித்த பிள்ளைகள் துணை நிற்கட்டும்.

‘ஆடு ஜீவிதம்’ நம்மைக் கண்ணீர் விடவைத்த நூல். அது அதன் வெற்றி. கடைசிப் பக்கத்தில் விமானமேறிய நஜீபு ஏதோ ஓர் ஊரில் இறங்கித்தான் ஆகவேண்டும். அவ்வூர் நம்முடையதாயின், அவனை எந்தப் பெயரால் அழைக்கப் போகிறோம் என்பதற்கான விடையை நாவலாசிரியர் எழுத முடியாது; ஊரார்தாம் எழுத வேண்டும். அதற்கு அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் அருள்வானாக!