நூற்றிருபது சொடுக்குகள்

டைவ் வாட்ச் கட்டுகிற எல்லாருக்கும் ஒரு ஜோக் மனப்பாடம். "இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும், ஆனா நான் போற அதிகபட்ச ஆழம் பாத்ரூம் பக்கெட்தான்." பதினான்கு வருஷமாக இந்த ஜோக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாட்ச் பற்றி எழுதுபவர்கள் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, பிறகு கண்ணாடியின் வளைவு, முள்ளின் பளபளப்பு என்று நிம்மதியாக இறங்கிவிடுவார்கள். எனக்கு இந்தச் சிரிப்புதான் பிரச்சினை. கடலில் இறங்காதவனுக்கு இந்தப் பொருள் வெறும் அலங்காரம் என்று அது முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. வாளைத் தொட்டே பார்க்காத நாம்தான் இன்று புறத்திணைப் பாடல்களை வாசிக்கிறோம். அதற்காக யாரும் வெட்கப்பட்டு ஜோக் அடிப்பதில்லை.

ஒரு பொருளின் உருவம் எந்தத் தேவைக்குப் பிறந்தது, அந்தத் தேவையை அது எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறது என்று கேட்க முடியும் இல்லையா? கவிதையிடம் கேட்கிற கேள்விதான் அது. டைவ் வாட்சிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

தேவை என்ன? தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் அது நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடும். சட்டென்று வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்: உடம்புக்குள் குமிழிகள், மூட்டில் வலி, பக்கவாதம், சில சமயம் சாவு. ஜே.எஸ். ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையில் 60 அடி ஆழத்துக்கு 60 நிமிடம். 100 அடிக்கு 25 நிமிடம்தான். அதைத் தாண்டினால் வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். ஆக, முக்குளிப்பவருக்கு மணி என்ன என்பது முக்கியமே இல்லை. இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பது மட்டும்தான் வேண்டும்.

இந்த ஒரே கேள்விக்கான பதில்தான் டயலைச் சுற்றியிருக்கும் அந்தச் சுழலும் வளையம், பெசல். பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர் பிரிவை உருவாக்கிய ராபர்ட் மலூபியேயும் கிளோட் ரிஃபோவும் கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் பெரிய எண்கள், வெளியே சுழலும் வளையம் என்று தங்களுக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டார்கள். பிளாங்பான் நிறுவனத்தை நடத்திய ஜான்-ஜாக் ஃபீஷ்டரும் முக்குளிப்பவர்தான். கடலுக்கடியில் நேரத்தைத் தவறவிட்டுக் காற்று தீர்ந்து தப்பி வந்தவர். 1953இல் அவர்களுக்குக் கிடைத்தது ஃபிஃப்டி ஃபாதம்ஸ். அதே காலத்தில்தான் ரோலக்ஸின் சப்மரீனரும் வந்தது. இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வை. பிறகு முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அதுதான் கழிந்த நேரம். கழித்தல் கணக்கு கிடையாது. குளிரிலும் பயத்திலும் மூளை முதலில் கைவிடுவது கழித்தல் கணக்கைத்தான்.

ஆனால் இந்தப் பிரதியின் மிகச் சிறந்த வரி பின்னால்தான் எழுதப்பட்டது. தொடக்கத்தில் சப்மரீனரின் வளையம் இரண்டு பக்கமும் திரும்பும். 1970களின் சீகோ 6309இலும் அப்படித்தான். பாறையில் இடித்து வளையம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? பத்து நிமிடம் ஆனது ஐந்து என்று காட்டும். ஆள் இன்னும் ஐந்து நிமிடம் கீழேயே இருப்பார். அதனால் வளையத்துக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடும் பற்களும் வைத்து, இடப்பக்கம் மட்டுமே திரும்பும்படி செய்தார்கள். இப்போது எப்படி இடித்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான். வாட்ச் பிசகாது என்று இங்கே யாரும் சத்தியம் செய்யவில்லை. பிசகினால் எந்தப் பக்கம் பிசக வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். பொருட்களில் அறம் என்று ஒன்று உண்டா என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தகட்டைத்தான் காட்டுவேன்.

(நம் பக்கத்து முத்துக்குளிப்பில் இந்த வேலையைக் கயிறு செய்தது. காலில் கல்லோடு இறங்குபவர் ஒரே மூச்சில் போய் வருவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு: தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதே. அதுவும் பிசகு எந்தப் பக்கம் போகக் கூடாது என்று யோசித்த ஏற்பாடுதான்.)

என்னிடம் நீண்ட காலமாக இருப்பது சீகோ எஸ்கேஎக்ஸ்007. 1996இல் வந்து 2019இல் நிறுத்தப்பட்ட மாடல். சாவி நான்கு மணி இடத்தில், மணிக்கட்டில் குத்தாதபடி. உள்ளே 7எஸ்26 இயந்திரம். சாவி கொடுக்க முடியாது. கையை ஆட்டினால்தான் ஓடும். சாவியை வெளியே இழுத்தாலும் நொடி முள் நிற்காது. நாளொன்றுக்கு 20 நொடி பிந்தலாம், 40 நொடி முந்தலாம் என்று நிறுவனமே சொல்கிறது. என்னுடையது வெயில் காலத்தில் முந்தும். நுணுக்கமான இயந்திரத்தைத் தேடுகிறவர்களுக்கு இது பாமர வாட்ச். ஆனால் வளையம் 120 சொடுக்கு. சொடுக்குக்கு அரை நிமிடம். ஐஎஸ்ஓ 6425 என்ற டைவ் வாட்ச் தரத்தின்படி ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாக, எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும்.

இந்தக் கடைசி வரியைச் சும்மா சொல்லவில்லை.

என் தம்பிக்குக் கல்லூரி இரண்டாம் வருஷத்திலிருந்து வலிப்பு. பெரும்பாலும் தூக்கத்தில்தான் வரும். முதல் தடவை வீடே அலறியது. யாரோ சாவிக்கொத்தைத் தேடினார்கள், கையில் இரும்பைக் கொடு என்று. எவ்வளவு நேரம் இருந்தது என்று டாக்டர் கேட்டபோது அம்மா "பத்து நிமிஷம் இருக்கும் சார்" என்றாள், அப்பா "கால் மணி நேரம்" என்றார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், நேரத்தை மட்டும் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

அடுத்த முறை இரவு இரண்டரை மணி இருக்கும். கட்டிலின் ஆட்டத்தில் விழித்தேன். போனைத் தேடி, பூட்டைத் திறந்து, ஸ்டாப்வாட்சைக் கண்டுபிடிக்கிற விரல் அந்த நேரத்தில் யாருக்கும் இருக்காது. கையிலேயே இருந்தது வளையம். விளக்கு போடுவதற்கு முன்பே பச்சை வெளிச்சத்தில் முக்கோணத்தை முள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டேன். ஒரு கை அவன் தோளில். அம்மா வாசலில் நின்று "எவ்ளோ நேரம்டா ஆச்சு, எவ்ளோ நேரம்டா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்ணு... ஒண்ணரை... இன்னும் ரெண்டு ஆகலம்மா." அது நின்றபோது இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. காலையில் அம்மா பக்கத்து வீட்டில் பத்து நிமிஷம் என்றுதான் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது பத்து நிமிஷம்தான்.

பிறகு ஒரு நோட்டில் தேதியும் நிமிடமும் எழுத ஆரம்பித்தோம். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவு மாறியது. ஒரே ஒருமுறை முள் ஐந்தைத் தொட்டது. 108க்கு அடித்தோம். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விருப்பமில்லை; அவன் இப்போது நன்றாக இருக்கிறான், இதைப் படிக்கவும் செய்வான்.

என்னிடமிருக்கும் இரண்டாவது வாட்ச் வோஸ்டாக் ஆம்ஃபிபியா. காமா நதிக்கரையில் சிஸ்தபோல் நகரத்தில் செய்யப்படுவது, 1967இல் வந்தது. மேற்கத்திய நுட்பங்களைக் காசு கொடுத்து வாங்க வழியில்லாத இடத்தில் மிகயீல் நோவிகோவும் வேரா பெலோவாவும் அழுத்தத்தையே வேலைக்காரனாக்கினார்கள். பிளாஸ்டிக் கண்ணாடியைத் தடிமனாக வைத்தார்கள். ஆழத்தில் தண்ணீர் அழுத்த அழுத்த அது வளைந்து தன் பள்ளத்தில் இன்னும் இறுக உட்காரும். பின் மூடியும் அப்படியே. சாவியைத் திறந்தால் கழன்றுவிழப்போவதுபோல் லொடலொடவென்று ஆடும். வாங்கிய புதிதில் எல்லாரும் பதறுவார்கள். தண்டில் இடிபடாதிருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்தது. இது எனக்கு மிகப் பிடித்த கேஸ். ஆனால் வளையம்? எந்தச் சொடுக்கும் இல்லாமல், இரண்டு பக்கமும், சட்டைக் கை பட்டாலே நகரும். கடலை இவ்வளவு ஆழமாக வாசித்தவர்கள் முக்குளிப்பவனைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். அந்த வாட்சைப் பகலில் மட்டும் கட்டுகிறேன்.

1983இல் ஓர்கா எட்ஜ் என்ற டைவ் கம்ப்யூட்டர் வந்தது. அதன் வாரிசுகள் ஆழம், நேரம், நைட்ரஜன் எல்லாவற்றையும் கணக்கிட ஆரம்பித்ததும் வளையத்தின் கடல் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. அதற்குப் பிறகுதான் டைவ் வாட்ச் தன் சொந்த வரலாற்றை விற்க ஆரம்பித்தது. 'கோல்ட்ஃபிங்கர்' (1964) தொடக்கத்தில் ஷான் கானரி லைட்டர் வெளிச்சத்தில் சப்மரீனரைப் பார்ப்பார். அதன் கோடு போட்ட ஸ்ட்ராப், மாட்டும் இடத்தைவிட ஒல்லி. இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். படப்பிடிப்பில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள்போல. இன்று அந்தக் கோடுகளை 'பாண்ட் ஸ்ட்ராப்' என்று தனியாக விற்கிறார்கள். இதைவிட எனக்கு எரிச்சல் தருவது பழுப்புப் பூச்சு. முன்பு டயலில் ரேடியம் பூசினார்கள், பிறகு டிரிடியம். டிரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 12 வருஷம். ரேடியத்துக்கோ 1600 வருஷம். ஆனால் அதன் கதிர்வீச்சு பக்கத்திலிருக்கும் ஒளிரும் உப்பையே தின்றுவிடுவதால் அதுவும் இருண்டுவிடும். வெள்ளைப் பூச்சு இப்படிப் பழுத்து நெய் நிறமாகும். 1990களில் ஜப்பானிலிருந்து கதிர்வீச்சு இல்லாத லூமிநோவா வந்து அந்தக் கதை முடிந்தது. இப்போது அதே லூமிநோவாவில் பழுப்பு நிறம் கலந்து, புது வாட்சைப் பிறக்கும்போதே கிழவனாக்குகிறார்கள். பேனாவே தொடாத ஒருவர் ஓலைச்சுவடி எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதுபோல.

ஹீலியம் வால்வும் இந்த வகைதான். நாட்கணக்கில் அழுத்த அறையில் வாழ்ந்து வேலை செய்பவர்களின் வாட்சுக்குள் ஹீலியம் புகுந்து, வெளியே வரும்போது கண்ணாடியைத் தெறிக்கவைக்கும். 1967இன் சீ-ட்வெல்லர் அதற்கு ஒரு வால்வு வைத்தது. அவர்களுக்கு அது அவசியம். மீட்டிங்கில் மடிக்கணினி ஓரத்தில் உரசும் கைக்கு? சரி, இதைச் சொன்னால் பக்கெட் ஜோக் என் பக்கமே திரும்பும். பரவாயில்லை. என் வளையம் வேலை செய்கிறது.

இதே ஹீலியம் சிக்கலுக்கு சீகோ வேறு பதில் சொன்னது. 1968இல் ஹிரோஷிமா வட்டாரத்துக் குரே நகரிலிருந்து ஒரு தொழில்முறை முக்குளிப்பவர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் வாட்சுகள் எங்கள் ஆழத்தில் தாங்குவதில்லை. இகுவோ தொகுனாகா என்ற பொறியாளரும் அவர் சகாக்களும் ஏழு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். 1975இல் வந்தது 600 மீட்டர் வாட்ச்: டைட்டானியம், பின் மூடியே இல்லாத ஒற்றைக் கேஸ், வெளியே ஒரு கவசம், ஹீலியம் உள்ளே புகவே முடியாதபடி ரப்பர் வளையம். ஆழத்தில் முக்குளிப்பு உடை சுருங்கினால் ஸ்ட்ராப் தொளதொளக்கும் என்பதற்காக அதில் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்புகள். பார்க்க மீன் டப்பா மாதிரி இருக்கும்; பெயரே டூனா என்று ஆகிவிட்டது. அழகில்லை என்பார்கள். ஒரு வாசகர் கடிதத்துக்கு இப்படி வரிக்கு வரி பதில் சொன்ன படைப்பு இலக்கியத்திலேயே எனக்குத் தெரிந்து இல்லை.

2019இல் எஸ்கேஎக்ஸுக்குப் பதிலாக வந்த சீகோ 5 ஸ்போர்ட்ஸைக் கடையில் கையில் வாங்கிப் பார்த்தேன். அதே முகம், அதே நான்கு மணிச் சாவி. இயந்திரம் முன்னேறியிருக்கிறது: சாவி கொடுக்கலாம், நொடி முள் நிற்கும். ஆனால் சாவி திருகி மூடாது, ஆழம் 100 மீட்டர், டைவ் வாட்ச் என்ற தரமும் போய்விட்டது. முந்தைய வாட்ச் செய்ததையெல்லாம் செய்வதுபோல் நிற்கிறது. வளையத்தைத் திருப்பினேன். ஒரு பக்கம்தான் திரும்பியது. சொடுக்கு நன்றாகவே இருந்தது. கண்ணாடியைக் கையால் மூடி, விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். பச்சை தெரிந்தது. விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "டைவிங் போவீங்களா சார்?" என்றான். இல்லை, தம்பிக்கு என்றேன்.