பாஷ் ஸ்கிரிப்டில் அமைப்புகள்: எளிமையும் இடரும்

லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்போரிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அமைப்புகளைப் 'பெயர்=மதிப்பு' என வரிவரியாக ஒரு கோப்பில் எழுதி வைப்பார்கள். ஸ்கிரிப்ட் தொடங்கும்போது சோர்ஸ் கட்டளை அதைப் படித்துக்கொள்ளும். மதிப்பு மாறினால் அதே கோப்பில் திரும்ப எழுதுவார்கள். 1979-இல் வந்த போர்ன் ஷெல்லில் இக்கட்டளை ஒற்றைப் புள்ளியாக இருந்தது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸின் பாஷ் வெளிவந்த பிறகும் வழக்கம் மாறவில்லை.

நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தனி நூலகம் எதுவும் வேண்டியதில்லை, எந்த எடிட்டரிலும் திருத்தலாம், குறிப்புரையும் எழுதலாம். லினக்ஸ் விநியோகத்தின் பெயரையும் பதிப்பையும் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பும் இந்த வடிவம்தான். ஆனால் அது மதிப்பளிப்பைத் தவிர வேறெந்த ஷெல் வசதியையும் ஏற்பதில்லை. அந்தக் கட்டுப்பாடே அதற்குக் காவல்.

நம் ஸ்கிரிப்டுகளில் அந்தக் காவல் இல்லை. சோர்ஸ் கட்டளை கோப்பைப் படிப்பதோடு நிற்காமல் இயக்கவும் செய்கிறது. சாதாரணப் பயனர் திருத்தக்கூடிய கோப்பை ரூட் உரிமையோடு ஓடும் ஸ்கிரிப்ட் உள்ளிழுத்தால், அந்தப் பயனர் கையில் கணினியே போய்விடும்.

அடுத்த இடர் மாறிகளின் எல்லை. ஒரு செயற்கூறுக்குள் லோக்கல் என்று அறிவிக்காத மாறி ஸ்கிரிப்ட் முழுவதற்கும் பொது. அறிவித்தாலும், அந்தச் செயற்கூறு அழைக்கும் மற்றச் செயற்கூறுகள் அதைக் காணவும் மாற்றவும் முடியும். பைப்புக்குப் பின்னால் வரும் வொயில் சுழற்சியோ இயல்பாகத் துணை ஷெல்லில் ஓடுகிறது. அங்கே மாற்றிய மதிப்பு சுழற்சி முடிந்ததும் மறைந்துவிட, கோப்பில் பழைய மதிப்பே பதிவாகிறது. பிழைச் செய்தி ஏதும் வராது.

சேமிப்பதில் இவ்விரண்டு இடர்களும் சந்திக்கின்றன. டிக்ளேர் -பி கட்டளை மாறியை மேற்கோள் குறிகளோடு பிசகின்றி எழுதித் தரும். ஆனால் அந்த வரிகளை ஒரு செயற்கூறுக்குள் சோர்ஸ் செய்தால் அவை அந்தச் செயற்கூறுக்கு மட்டுமே உரிய மாறிகளாகின்றன. செயற்கூறு முடிந்ததும் அமைப்பும் போய்விடுகிறது. -ஜி சேர்த்து எழுதினால்தான் பொது மாறியாக நிற்கும். மேலும், '>' குறி எழுதத் தொடங்கும் முன்பே பழைய கோப்பைக் காலியாக்கிவிடுகிறது. வட்டு நிரம்பியிருந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதே அடைவில் தற்காலிகக் கோப்பாக எழுதி, சரியாக முடிந்ததை உறுதிசெய்த பின் எம்வி கட்டளையால் பெயர் மாற்றுவதே பாதுகாப்பு.

ஆகவே, நிர்வாகியே கையால் திருத்தி, ஸ்கிரிப்ட் படிக்க மட்டும் செய்யும் அமைப்புகளுக்கு இந்த வழக்கம் இன்றும் பொருந்தும். ஸ்கிரிப்டே திரும்ப எழுத வேண்டுமானால், எழுதும் வேலையை ஒரே செயற்கூறில் அடக்கி, அனுமதித்த பெயர்களை மட்டும் ஏற்க வேண்டும். பிறர் தரும் மதிப்புகளைச் சேமிக்க நேர்ந்தால் சோர்ஸை விட்டுவிட்டு, கோப்பைத் தரவாக மட்டும் படிக்கும் பைத்தான் போன்ற மொழிக்கு மாறுவதே பொறுப்பான செயல்.