பாட்டி சொன்ன கதை புதினமான விதம்

குடும்பத்தில் வாய்மொழியாக வழங்கிவரும் கதை இலக்கியமாக உயர வேண்டுமாயின், கேட்டதைக் கேட்டவாறே எழுதிவிடுதல் போதாது. இதற்குத் தக்க சான்றாக விளங்குவது, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மார்கரெட் வாக்கர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜூபிலி' என்னும் புதினமாகும்.

1915ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் பிறந்த வாக்கர், தம் தாயைப் பெற்ற பாட்டி கூறிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். அக்கதைகளின் தலைவி, பாட்டியின் அன்னையே ஆவார். ஜார்ஜியாவில் அடிமையாய் வாழ்ந்து விடுதலை கண்ட அவரே புதினத்தில் வைரி என்னும் பெயரில் உலவுகிறார். கல்லூரிப் பருவத்தில் தொடங்கிய கதை நிறைவுபெற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. ஆசிரியப் பணிக்கும் நான்கு பிள்ளைகளின் வளர்ப்புக்கும் இடையே, வாக்கர் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார். 1965ஆம் ஆண்டில் அயோவா பல்கலைக்கழகத்தில் இப்புதினத்தையே முனைவர் பட்டத்திற்கு அளித்தார்.

இத்தனை உழைப்பு ஏன் வேண்டியதாயிற்று? 1850, 1860ஆம் ஆண்டுகளின் குடிமதிப்புகள் அடிமைகளின் வயதையும் பாலையும் குறித்தனவேயன்றிப் பெரும்பாலும் பெயரைக் குறிக்கவில்லை. ஏடு மறைத்த பெயரைப் பாட்டியின் நா காத்தது. பாட்டி அறியாத காலப் பின்னணியை ஏடு தந்தது. இரண்டும் இணைந்த இடத்திலேதான் புதினம் பிறந்தது.

குறையும் இல்லாமல் இல்லை. உள்நாட்டுப் போரை விவரிக்கும் பகுதிகளில் வரலாறு மேலோங்கி, கதைமாந்தர் பின்தங்கிவிடுகின்றனர். வைரி அடுக்களையில் உழைக்கும்போதும், குழந்தைகளை விட்டுச் செல்ல மனமின்றித் தவிக்கும்போதும் கிட்டும் உயிர்த்துடிப்பு அங்கே இல்லை.

தன்னைக் கொடுமைப்படுத்தியோரை வைரி வெறுக்காமை பொருந்துமா என்பது மற்றொரு வினா. தமிழில் 'வைரி' என்றால் பகைவர். இந்த வைரியோ பகை பாராட்டாதவள். ஆயினும் அவள் எதையும் மறந்தவளல்லள். இறுதிப் பகுதியில், தன் முதுகிலுள்ள சாட்டைத் தழும்புகளை வெளிப்படுத்திய பின்னரே மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறாள். தழும்பைக் காட்டாத மன்னிப்பு கோழைமையாகியிருக்கும். மன்னிப்பில்லாத தழும்பு வெறும் முறையீடாகியிருக்கும்.

மூதாதையரைத் தெய்வமாக்காமல் மனிதராகவே காட்டியதில்தான் வாக்கரின் வெற்றி அமைந்துள்ளது. குடும்பப் பெருமை பேசும் நூல் அக்குடும்பத்தாருக்கு மட்டுமே இனிக்கும். குடும்பத்தின் உண்மையைக் கூறும் நூலோ அனைவருக்கும் உரியதாகிறது.